விளையாட்டுப் பொறியின் ஆயுள்

சென்ற மாதம் ஓர் இரவு, சாப்பாடு முடிந்ததும் விடுதிக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உதவித்தொகையிலிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்தால், பிளேஸ்டேஷன் 5 ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அது சரியாகத்தான் வந்தது. ஆனால் மதுரை நண்பர் குறுக்கே பாய்ந்தார். "பொறுங்கடா! இது வந்து அஞ்சு வருஷத்துக்கு மேலே ஆச்சு. அடுத்தது வந்துட்டா இது வெறும் தகர டப்பா" என்றார். பேச்சு அன்று முடியவில்லை, பணமும் சேரவில்லை.

அவர் கிளப்பிய கேள்வி அற்பமானதன்று. கன்சோல் என்று நாம் சொல்லும் இந்த விளையாட்டுப் பொறியை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது நியாயம்? அடிக்கடி புதுப்பித்தால் வாங்கியவன் ஏமாறுகிறான். புதுப்பிக்காமலே இருந்தாலோ, ஆட்டம் எழுதுகிறவர்களின் கை கட்டுண்டு போகிறது. நடுவில் எங்கோ ஒரு விடை இருக்கத்தானே வேண்டும்? பௌதிகம் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு கணக்குக் கிடைத்தால் தூக்கம் வருமா?

கைப்பேசிக்காரர்கள் ஆண்டுக்கு ஒன்று விடுகிறார்களே, இவர்களுக்கு மட்டும் என்ன தனி நியாயம் என்று சிலர் கேட்பதுண்டு. விளையாட்டுப் பொறியின் பெருமையே அது மாறாமல் நிற்பதில்தான் இருக்கிறது. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே அமைப்பு இருப்பதால், ஆட்டம் எழுதுகிறவர்கள் அதன் மூலை முடுக்கெல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் ‘செல்’ என்ற செயலி அவர்களைப் படாத பாடு படுத்தியது. நாட்டி டாக் என்னும் நிறுவனம் 2007இல் அந்தப் பொறிக்கு ‘அன்சார்ட்டட்’ என்ற ஆட்டத்தை ஆக்கியது. அதே பொறிக்கு 2013இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற ஆட்டத்தை ஆக்கியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், இரண்டும் ஒரே பொறியில் ஓடுகின்றன என்றால் இலேசில் நம்பமாட்டார். செயலியின் வேகமும் நினைவகமும் அன்று இருந்தவைதாம். கைதான் பழகியிருந்தது. மூன்றாண்டில் பொறியை மாற்றியிருந்தால் அந்தப் பழக்கம் பாதியில் அறுந்திருக்கும்.

அடிக்கடி மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சேகா நிறுவனத்தின் கதையைவிட நல்ல சான்று கிடையாது. இந்த ஜப்பானிய நிறுவனம் 1988இல் ‘மெகா டிரைவ்’ என்ற பொறியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதற்கு ‘ஜெனிசிஸ்’ என்று பெயர். நன்றாகவே விற்றது. அத்தோடு விட்டிருக்கலாம். 1992இல் அதன் அடியில் பொருத்த ஒரு குறுந்தகட்டுக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். விலை 299 டாலர். 1994 நவம்பரில் அதன் தலையில் செருக ‘32எக்ஸ்’ என்று இன்னொரு கருவி. விலை 159 டாலர். அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி மின்கம்பி! இதில் வேடிக்கை என்னவென்றால், 32எக்ஸ் அமெரிக்கக் கடைக்கு வந்த அதே நவம்பரில், ஜப்பானில் ‘சாட்டர்ன்’ என்ற முற்றிலும் புதிய பொறியைச் சேகாவே விற்கத் தொடங்கிவிட்டது. 32எக்ஸுக்கான ஆட்டங்கள் சாட்டர்னில் ஓடமாட்டா.

சாட்டர்ன் செப்டம்பரில்தான் வரும் என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், “இன்றே கடைகளில் கிடைக்கும், 399 டாலர்” என்ற திடீர் அறிவிப்பு வந்தது. முன்கூட்டிச் சொல்லப்படாத கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆட்டம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் செப்டம்பரை நம்பி இருந்ததால், பொறி வந்தும் ஆட அதிகம் ஆட்டமில்லை. அதே நாளில் சோனி நிறுவனத்தின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, “299” என்ற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அது பிளேஸ்டேஷனின் விலை. அரங்கு அதிர்ந்ததாம். கிறிஸ்துமசுக்குப் பிள்ளைக்கு 32எக்ஸ் வாங்கித் தந்த தகப்பனை நினைத்துப் பாருங்கள்; அரை ஆண்டு முடியுமுன் அது அநாதை. இரண்டு முறை இப்படிச் சூடு கண்டவன் மூன்றாம் முறை அந்தக் கடைப் பக்கம் போவானா? 1998இல் ஜப்பானில் வந்த ‘டிரீம்காஸ்ட்’ நல்ல பொறி. ஆனால் 2001 ஜனவரி 31 அன்று அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. பிறகு பிறருடைய பொறிகளுக்கு ஆட்டம் எழுதிப் பிழைத்தது.

இனி நம் கணக்குக்கு வருவோம். நம் கண், வேற்றுமையைக் கழித்தல் கணக்கில் பார்ப்பதில்லை. மடங்குக் கணக்கில்தான் பார்க்கிறது. ஒரே விளக்கு எரியும் அறையில் இரண்டாவது விளக்கை ஏற்றினால் பளிச்சென்று தெரியும். நூறு விளக்கு எரியும் கல்யாணப் பந்தலில் நூற்றோராவதை ஏற்றினால் யாருக்குத் தெரியும்? பொறிகளும் அப்படியே. பழைய உயர்தரத் திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். இப்போதைய 4கே திரையில் 82.9 லட்சம். அதே காட்சியை அதே வேகத்தில் இந்தத் திரையில் தீட்டவே நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். ஆட்டத்தில் புதுமை எதுவும் சேராமலே இவ்வளவு செலவு!

பொறியின் வலிமையை டெராஃப்ளாப் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு டெராஃப்ளாப் என்றால் விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4க்கு அந்த எண் 1.84, 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5க்கு 10.28. ஏழாண்டில் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. புதிய தலைமுறை என்று சொல்லிக்கொள்ள இந்த அளவாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1975இல் கணித்தார். பொறியின் வலிமையும் அவ்வாறே இரட்டித்தால் ஐந்தரை மடங்குக்கு ஐந்தாண்டு போதும். உண்மையில் ஏழு பிடித்தது. அதாவது இரட்டிக்க 2.8 ஆண்டு. அடுத்து, 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவின் எண் 16.7. நான்காண்டில் 1.6 மடங்குதான்! இதே நடையில் போனால் இரட்டிக்க ஐந்தே முக்கால் ஆண்டு. ஐந்தரை மடங்குக்குப் பதினான்கு ஆண்டு.

பதினான்கு ஆண்டு காத்திருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. புரோ ஓர் இடைக்காலப் பொறி. ஒளிக்கதிர்களின் போக்கைக் கணிப்பதும், சிறு படத்தைச் செயற்கை அறிவால் பெரிதாக்குவதுமான திறமைகள் அதில் கூடியிருக்கின்றன. அவை இந்த ஓர் எண்ணில் அடங்கமாட்டா. ஆயினும் திசை தெளிவு. சில்லின் வேகம் தளர்ந்திருக்கிறது. ஆகவே பொறிகளின் இடைவெளி நீள வேண்டும். என் அபிப்பிராயத்தில் எட்டு அல்லது ஒன்பது ஆண்டு. நின்டெண்டோ 2017 மார்ச்சில் ‘சுவிட்ச்’ வெளியிட்டு, 2025 ஜூனில்தான் இரண்டாவதை வெளியிட்டது. வலிமையில் அது சக பொறிகளைவிட எளியது. ஆனாலும் 15 கோடிக்கு மேல் விற்றது.

ஆட்டம் எழுதப் பிடிக்கும் காலமும் இதையே சொல்கிறது. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய ஆட்டங்கள் வந்தன. மூன்றும் பிளேஸ்டேஷன் 2 என்ற ஒரே பொறிக்கு. அதே வரிசையின் ஐந்தாவது ஆட்டம் 2013இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது. 2014இல் 4க்கும், 2022இல் 5க்கும் அதையே மெருகிட்டு விற்றார்கள். அன்று ஒரு பொறிக்கு மூன்று ஆட்டம். இன்று மூன்று பொறிக்கு ஓர் ஆட்டம்! சமையல் முடியுமுன் இலையை மாற்றிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இடைக்காலப் பொறிகளை நான் அடியோடு வெறுப்பவனல்லன். 2021இல் சுவிட்சுக்கு நல்ல திரை மட்டும் போட்டு ஒன்று விட்டார்கள். பழையதை வைத்திருந்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வசதியுள்ளவன் வாங்கட்டும். புதிதில் மட்டுமே ஓடும் ஆட்டம் என்று ஒன்றைச் செய்தால்தான் துரோகம். நின்டெண்டோவே 2015இல் தன் ‘நியூ 3டிஎஸ்’ கைப்பொறிக்கு மட்டும் என்று ‘செனோபிளேட்’ ஆட்டத்தை விட்டு அந்தத் தவற்றைச் செய்தது. நம் நாட்டு நிலைமை இன்னும் விசித்திரம். பிளேஸ்டேஷன் 5 புரோ 2024 நவம்பரில் உலகெங்கும் வந்தபோது இந்தியாவுக்கு வரவில்லை. அதன் கம்பியில்லா இணைப்புக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை!

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வளர்ந்தது நாகபுரியில். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சென்னை மாமா மகன் தன் பழைய பிளேஸ்டேஷன் 2ஐக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் முறுக்கு டின்னோடு சேர்த்துக் கட்டி அனுப்பினான். 2000ஆம் ஆண்டுப் பொறி அது. அதற்கு 2013இலும் ‘பிஃபா 14’ என்று புது ஆட்டம் வந்தது. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த அந்தப் பொறி 2002இல் 199க்கும், 2009இல் 99க்கும் இறங்கியது. பொறிக்கு வயதாக ஆக ஏழை வீட்டுக்கும் அது எட்டியது; 16 கோடி விற்றதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அந்த வழக்கம் தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021இல் 49,990 ரூபாய், 2023இல் 54,990. அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது 2025 ஆகஸ்டில் 549 ஆயிற்று. விலையும் இறங்காது, ஆயுளும் குறையும் என்றால் மாணவன் எங்கே போவான்?

இதையெல்லாம் மதுரை நண்பரிடம் தாளில் எழுதியே காட்டினேன். அமைதியாகக் கேட்டார். இப்போது நால்வர் பணம் என் பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாத உதவித்தொகை வரட்டும், தம் பங்கைத் தருகிறேன் என்கிறார். பார்ப்போம்.