உங்களுக்குத் தெரியுமா? நாடு வளர்ந்தபோது கூடிய குழந்தை மரணம்

1968 முதல் 1973 வரை பிரேசிலின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ‘பிரேசில் அதிசயம்’ என்று அதைப் புகழ்ந்தார்கள். நடந்தது ராணுவ ஆட்சி. முதலில் கேக் பெரிதாகட்டும், பிறகு பங்கு போடலாம் என்பதே அன்றைய வாதம். தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, குறைந்தபட்சக் கூலியின் வாங்கும் சக்தி சரிந்தது. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0, மொத்தமும் ஒருவருக்கே என்றால் 1) 1960இல் ஏறத்தாழ 0.50, 1970இல் 0.57ஐ நெருங்கியது.

இந்த எண்களைவிடக் கொடுமையானது சாவ் பாவ்லோவில் நடந்தது. ஆலைகள் பெருகிய பணக்கார நகரம் அது. பிழைப்புத் தேடி வந்தவர்களோ குடிநீர்க் குழாயும் சாக்கடை வசதியும் இல்லாத புறநகர்களில் குடியேறினார்கள். வளர்ச்சி உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில் அங்கே பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதம் கூடியது. 1970களின் முற்பகுதியில் மெனிஞ்சைடிஸ் என்னும் மூளையுறை அழற்சி கொள்ளைநோயாகப் பரவியபோது, அந்தச் செய்தியையே அரசு தணிக்கை செய்தது. இதை மன்னிக்கவே முடியாது.

2000களில்தான் கினி குறியீடு தொடர்ந்து இறங்கியது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவேண்டும், தடுப்பூசி போட்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, 2003இல் தொடங்கிய ‘போல்சா ஃபமிலியா’ திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தந்தது; பெரும்பாலும் தாயின் பெயரில்.