செயற்கைப் பட்டு ஆலையில் நெஞ்சுக்கு வந்த ஆபத்து

வேலைக்காட்டில் கத்தி பட்டு விரல் அறுந்தால் வீடே பதறுகிறது. ஆனால், இருபது ஆண்டுகள் தொழிற்சாலைக் காற்றைச் சுவாசித்த மனிதர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் என்ன சொல்கிறோம்? கொழுப்பு என்கிறோம், சிகரெட் என்கிறோம், விதி என்கிறோம். அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்கள் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள்.

ரேயான் என்னும் செயற்கைப் பட்டை நீங்கள் அறிவீர்கள். மரக்கூழில் கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தைச் சேர்த்துப் பக்குவப்படுத்தி, தேன்போன்ற குழம்பாக்கி, நுண்ணிய துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் அது நூலாகிறது. அப்போது அந்தத் திரவம் ஆவியாகக் கிளம்பும். நூற்புக் கூடத்தில் நிற்பவர்கள்தாம் அதை அதிகம் சுவாசிப்பார்கள். நாற்றம் இருந்தாலும் நாளடைவில் மூக்குக்குப் பழகிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நம் ரப்பருக்கும் இந்தத் திரவத்துக்கும் பழைய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய ரப்பர்ப் பொருள்களைப் பதப்படுத்த இதைப் பயன்படுத்தினார்கள். பாரிஸ் நகரத்து ரப்பர்த் தொழிலாளர்கள் இதனால் புத்தி தடுமாறியதை டெல்பெக் என்ற மருத்துவர் 1856-இல் எழுதி வைத்தார். மூளைக்கு வரும் கேடு அன்றே தெரிந்துவிட்டது. இருதயத்தைத் திரும்பிப் பார்க்க இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று! 1968-இல்தான், ரேயான் நூற்பவர்கள் மாரடைப்பால் அதிகம் இறக்கிறார்கள் என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது.

பின்லாந்தில் 1967-இல் கணக்கெடுப்புத் தொடங்கியது. ரேயான் ஆலையில் 343 ஆண்கள். அவர்களுக்கு ஈடாக, அதே வயதில், காகித ஆலையில் 343 ஆண்கள். சுமார் ஐந்தாண்டுகளில் காகித ஆலைக்காரர்களில் மாரடைப்பால் இறந்தவர்கள் 3 பேர். ரேயான் ஆலைக்காரர்களிலோ 14 பேர். உயிரோடு இருந்தவர்களிலும் பலருக்கு நெஞ்சுவலி; ரத்த அழுத்தமும் கூடுதல். ஒரே நாளில் வந்த விபத்தாக இருந்தால் ஊரே திரண்டிருக்கும். ஒவ்வொருவராக, வெவ்வேறு மாதத்தில் போனதால், எண்ணிப் பார்க்கும்வரை தெரியவில்லை.

எண்ணியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1972-இல் காற்றில் அனுமதிக்கப்படும் ஆவியின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். இருதயக் கோளாறுக்கு அறிகுறி உள்ளவர்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். பிந்திய ஆண்டுகளில் மாரடைப்புச் சாவு காகித ஆலைக்காரர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. பல வருடம் சுவாசித்த பிறகும், காற்றைத் திருத்தினால் இருதயம் பிழைக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். பீப்பாயில் உள்ள மருந்தின் பெயர் என்ன, அது உடம்பை என்ன செய்யும் என்று நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்தத் தகவலைத் தரும் கடமையை முதலாளிமேல் வைத்திருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் சிகரெட்டைப் பற்றியும் இனிப்புநீரைப் பற்றியும் கேட்பார். வேலையைப் பற்றிக் கேட்க மறந்தாலும் மறப்பார். எந்த ஆலை, எந்தப் பகுதி, என்ன மருந்து, எத்தனை வருடம் என்று ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்து நீங்களே காட்டுங்கள்.