பழைய முகவரியில் தாத்தாவைத் தேடலாம்!

அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு விவரங்களை 72 ஆண்டுகள் கழித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று இணையத்தில் வெளியானது. தெருப் பெயரைக் கொடுத்தால் அது எந்தக் கணக்கெடுப்பு வட்டம் என்று காட்டும் இணையதளமும் உண்டு. அதை உருவாக்கியவர் யார் தெரியுமா? இன்டெல் 8086 சிப்பை வடிவமைத்த ஸ்டீபன் மோர்ஸ்தான்!

நம் நாட்டில் இது முடியாது. 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவின்படி வீட்டுப் படிவங்களைப் பொதுமக்கள் பார்வையிட முடியாது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்ற காலவரம்பும் அதில் இல்லை.

ஆனால் முகவரி வாரியாகத் தேட நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் பழைய வாக்காளர் பட்டியல். தமிழகத்தில் 2025 நவம்பர் 4 அன்று சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ம் ஆண்டுப் பட்டியல்களை இணையத்தில் பார்க்க முடிந்தது. அவற்றில் தன் பெயரோ உறவினர் பெயரோ எங்கே இருக்கிறது என்று படிவத்தில் கேட்டார்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, லைன் வீடு மாறி மாறிக் குடியிருந்த குடும்பங்களுக்குப் பழைய முகவரி அப்போதுதான் தேவைப்பட்டது.

தேடும் முறை இதோ:

1. ரேஷன் கார்டு, பள்ளி டி.சி., பழைய தபால் உறை ஆகியவற்றிலிருந்து அன்றைய முகவரியை எடுங்கள்.

2. அன்றைய மாவட்டம், தொகுதியைக் கண்டுபிடியுங்கள். நல்லூர் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் உருவானது. எனவே 2002-க்குக் கோவை மாவட்டத்தைப் பாருங்கள். தொகுதி எல்லைகளும் 2008-ல் மாறிவிட்டன.

3. அன்று ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பாகத்தைத் தேர்ந்தெடுத்து டவுன்லோட் செய்யுங்கள்.

4. ஸ்கேன் செய்த பக்கங்களில் கண்ட்ரோல் + எஃப் வேலை செய்யாது. கதவு எண் வரிசையில் படித்துக்கொண்டே போங்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். என் அம்மிச்சியை வீட்டில் கூப்பிட்ட பெயரில் தேடினேன், கிடைக்கவில்லை. கதவு எண்ணைப் பார்த்ததும், நாங்கள் கேள்விப்பட்டிராத பெயரில், அப்புச்சி பெயருக்குக் கீழே இருந்தார்.

பட்டியலில் 18 வயது நிரம்பியவர்கள் மட்டுமே இருப்பார்கள். வயதும் பல இடங்களில் உத்தேசமாகத்தான் இருக்கும். பெயர் இல்லை என்பதால் அவர் அங்கே குடியிருக்கவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கிடைத்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அடுத்த கதவு எண்ணில் இருப்பவர் பங்காளியா, வாடகைக்கு வந்தவரா என்பதை எந்த இணையதளமும் சொல்லாது. அவர்கள்தான் சொல்வார்கள்.