ரியோஹா ஒயினுக்கு ஊர்ப் பெயர் இருக்கு... ஏற்காடு காபிக்கு ஏன் இல்லை?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்கள், இறங்கும்போது ஒரு பாக்கெட் மிளகும் ஒரு பாக்கெட் காபித்தூளும் வாங்காமல் வருவதில்லை. அந்தக் காபி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அது சட்டப்படி கட்டாயம். ஆனால், கொட்டை விளைந்தது சேர்வராயன் மலையிலா, சிக்கமகளூரிலா? பெரும்பாலான பாக்கெட்டுகளில் பதில் இருக்காது.

இதையே ஒரு ஸ்பெயின் ஒயின் பாட்டிலோடு ஒப்பிட்டால்தான் நாம் எதை இழக்கிறோம் என்று புரியும். (குடிக்கச் சொல்லலைங்க, லேபிளைப் படிக்கத்தான்!)

லேபிளில் அப்படி என்ன இருக்கு?

வடக்கு ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பகுதி ரியோஹா. 'இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் இந்தப் பெயர்' என்ற அங்கீகாரம் 1925-லேயே கிடைத்துவிட்டது. அங்கே முக்கியமான சிவப்பு திராட்சை டெம்ப்ரனியோ. சிவப்பு ஒயினில் 'க்ரியான்சா' என்று போட்டிருந்தால் குறைந்தது 2 ஆண்டு பக்குவப்பட்டது, 'ரிசர்வா' என்றால் 3 ஆண்டு, 'கிரான் ரிசர்வா' என்றால் 5 ஆண்டு. மேற்கே கலீசியா பக்கம் போனால் அட்லாண்டிக் மழை அதிகம். அதனால் கொடிகளைத் தரையில் விடாமல் கல்தூண் பந்தலில் ஏற்றுகிறார்கள். அங்கே அல்பரின்யோ என்ற வெள்ளைத் திராட்சைதான் ராஜா. ஊர், ரகம், செய்முறை மூன்றையும் சொல்லித்தான் அந்த ஒயினை விற்கிறார்கள்.

ஏற்காட்டிலும் இந்த மூன்றும் இருக்கே!

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் காபி. கிட்டத்தட்ட 200 ஆண்டு கதை.

முதலில் மண்ணும் மழையும். குடகு, வயநாடு எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும். சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலை. இங்கே மழை குறைவு. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும். ஏற்காடு ஊர் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இந்தக் குளிரில் காபிப் பழம் மெதுவாகப் பழுக்கும். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகுக்கொடி. அந்த நிழல் அழகுக்காக மட்டும் இல்லை. அராபிகா செடியைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்கு வெயில் படும் செடி என்றால் கொண்டாட்டம். நிழலை வெட்டினால் தோட்டமே போய்விடும்.

அடுத்து ரகம். இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா. அதில் பழைய நட்சத்திரம் எஸ்.795. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் கென்ட் என்ற பழைய ரகத்தை எஸ்.288-உடன் கலந்து 1940-களில் உருவாக்கியது. 1869-ல் இலங்கையில் தென்பட்டு, அங்கே காபித் தோட்டங்களையே அழித்த இலைத்துரு நோயைத் தாங்கவேண்டும் என்பதுதான் நோக்கம். காவேரி, 2007-ல் வந்த சந்திரகிரி போன்ற ரகங்களின் பின்னாலும் இதே இலைத்துரு பயம்தான்.

செய்முறைதான் நம்ம வீட்டு டம்ளர் வரை வரும் விஷயம். பழத்தை பல்பரில் போட்டுத் தோலை உரித்து, வழவழப்பைக் கழுவிக் காயவைத்தால் 'வாஷ்டு'. காபிக் கடையில் 'பிளான்டேஷன் ஏ' என்று கேட்கிறோமே, அதுதான். சுவை தெளிவாக, லேசான புளிப்போடு இருக்கும். பழத்தை அப்படியே களத்தில் காயவைத்தால் 'செர்ரி'. பழவாசனை ஏறும், கவனிக்காமல் விட்டால் கெட்டுப்போகும். வழவழப்பை விட்டுவைத்துக் காயவைப்பது 'ஹனி'. பெயரில்தான் தேன், உள்ளே தேன் கிடையாது. 'பீபெரி' என்பது செய்முறை இல்லை. ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருந்தால் அது பீபெரி.

அப்போ பெயர் எங்கே தொலைந்தது?

ஒரு முக்கியக் காரணம் பழைய 'பூல்' முறை. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தபோது, விவசாயிகளைக் காப்பாற்ற அரசே காபியை வாங்கி விற்கத் தொடங்கியது. 1942-ல் காபிச் சட்டம் வந்தது. அதன்படி விளைந்ததை எல்லாம் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் தரவாரியாக ஒன்றாகக் கலந்தது. காசு வந்தது, ஊர்ப் பெயர் போனது. 1992-ல் இந்த முறை தளரத் தொடங்கி, 1996-ல்தான் முழுச் சுதந்திரம் கிடைத்தது. அரை நூற்றாண்டுப் பழக்கம் ஒரே நாளில் போகுமா?

2019-ல் ஐந்து இந்தியக் காபிகள் புவிசார் குறியீடு பெற்றன: குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு, வயநாடு. அந்தப் பட்டியலில் ஒரு தமிழ்நாட்டு மலைகூட இல்லை. நாட்டின் காபியில் நம் பங்கு சுமார் 5 சதவீதம்தான், கர்நாடகாவின் பங்கு 70 சதவீதம் என்பதைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அளவு மட்டும் பதிலாகாது. அரக்கு என்ன பெரிய அளவிலா விளைகிறது? கம்பம் பன்னீர் திராட்சையும் சேலம் ஜவ்வரிசியும் 2023-ல் குறியீடு வாங்கிவிட்டன. அதே சேலம் மாவட்டத்துக் காபி இன்னும் பெயரில்லாமல்தான் மலை இறங்குகிறது.

இதில் அடிபடுவது சிறு விவசாயி. இந்தியக் காபித் தோட்டங்களில் 98 சதவீதத்துக்கு மேல் 10 ஹெக்டேருக்குக் குறைவானவை. ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மலையாளி பழங்குடி மக்களும் காபி வளர்க்கிறார்கள். பல்பர் இல்லாதவர் பழமாகவோ, காய்ந்த செர்ரியாகவோ வியாபாரியிடம் கொடுத்துவிடுவார். மலையின் பெயர் அங்கேயே கழன்றுவிடும். பெயர் இல்லாத அராபிகாவுக்கு நியூயார்க் சந்தையை ஒட்டித்தான் விலை. அங்கே விலை சரிந்தால், பிரேசிலில் விளைச்சல் எப்படி என்று தெரியாத ஒருவரின் வருமானமும் சரியும். பெயர் இருக்கும் காபி அந்த விலையைத் தாண்டிக் கேட்க முடியும்.

குறியீடு வந்தாலே எல்லாம் மாறிவிடாது. சான்று வாங்கி அலமாரியில் வைத்த பொருள்களும் நம்மிடம் உண்டு. யாராவது கடையில் கேட்டால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

அடுத்த முறை ஏற்காடு போனால் கடைக்காரரிடம் நாலு கேள்வி: எந்தத் தோட்டம்? என்ன ரகம்? வாஷ்டா, செர்ரியா? வறுத்த தேதி என்ன? பறிப்புக் காலமான டிசம்பர், ஜனவரியில் போனால், ரோட்டோரக் களங்களில் காபி காய்வதையே பார்க்கலாம். அங்கேயே கேட்டுப் பாருங்க.