காரில் இருப்பது எந்த ஷாக், எந்த ஸ்பிரிங்? பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியவர்களுக்கு ஒரு துப்பறியும் கையேடு

"சஸ்பென்ஷன் எல்லாம் மாத்தியாச்சு பாஸ், சும்மா பறக்கும்!" பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. என்ன கம்பெனி, எந்த மாடல், எப்போது மாற்றியது என்று கேட்டால் பதில் வராது. அவருக்கு முன்னால் இருந்த ஓனர் மாற்றியிருப்பார். பில் எப்போதோ தொலைந்திருக்கும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை இதற்குச் சரியான உதாரணம். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி, 1997 வரை விற்பனையான இரண்டு சீட் கார் இது. ஜப்பானில் இதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா. நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், பின்சக்கர இயக்கம், 1,000 கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடை. விலையும் கட்டுப்படியானது என்பதால், வாங்கியவர்கள் இஷ்டத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். 30 வருடத்தில் நான்கைந்து கை மாறிய காரில், யார் எதைப் பொருத்தினார்கள் என்பது பெரிய புதிர்தான்.

கார் நல்லாத்தானே ஓடுது, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டும் ஜோடி. கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, களைத்துப்போன பழைய ஷாக்கை அப்படியே விட்டால், ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் குதித்துக்கொண்டே போகும்.

இந்தக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைய இருக்கும் இடமே குறைவு. குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரை இறக்கினால், மிச்சமிருக்கும் இடமும் போய்விடும். வளைவில் திரும்பும்போது சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய நொடியில் சஸ்பென்ஷன் திடீரென இறுகிவிடும்; அந்தச் சக்கரத்தின் பிடி குறையும். மழை ரோட்டில், பின்சக்கர இயக்கக் காரில் இது நடந்தால் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போகலாம்.

சட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் மாற்று ஸ்பிரிங்குகள் அனுமதிச் சான்றிதழோடு விற்கப்படுகின்றன. சான்றிதழில் உள்ள எண்ணும் ஸ்பிரிங்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பானில் 'ஷாக்கென்' எனப்படும் வாகனச் சோதனையில், காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது.

ஆக, வெறும் பிராண்ட் பெயரைத் தேடுவதல்ல வேலை. விடை தேவைப்படும் கேள்விகள் நான்கு: இடதும் வலதும் ஒன்றுதானா? ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? இரண்டும் இந்தக் காருக்கு உரியவையா? இன்னும் உயிரோடு இருக்கின்றனவா?

முதலில் டேப், பிறகுதான் ஸ்பேனர்

எதையும் கழற்றும் முன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபாருங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே இருக்கும் மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம்; டயர் சைஸ் மாறியிருந்தால் கணக்கு தப்பும்.

இடது, வலது பக்கங்களில் தெளிவான வித்தியாசம் இருந்தால், ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், வேறு ரகமாகக்கூட இருக்கலாம். ஆனால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே விஷ்போன் போல்ட்டுகளை யாராவது இறுக்கியிருந்தால், ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும்போது திரும்ப இறுக்கிய பிறகு வரும் அளவுதான் நிஜம்.

நிறத்தை நம்பலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. மஞ்சள் ஷாக் என்றால் ஜெர்மனியின் பில்ஸ்டீன் அல்லது நெதர்லாந்தின் கோனி ஸ்போர்ட்டாக இருக்கலாம். சிவப்பு என்றால் கோனியின் வேறொரு ரகம் நினைவுக்கு வரும். நீலத்துக்கு ஜப்பானின் டோக்கிகோ, பச்சைக்கு டெய்ன், தங்க நிறத்துக்கு ஸ்வீடனின் ஓலின்ஸ். ஆனால் ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பா இருந்தால் எந்த ஷாக்கும் எந்த நிறத்துக்கும் மாறிவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் கம்பெனி பார்ட் என்றும் சொல்ல முடியாது.

எண்தான் ஆதார் கார்டு

சக்கரத்தைக் கழற்றி, ஒரு தகரத் தூரிகையால் மண்ணையும் துருவையும் லேசாகத் துடையுங்கள். தலை நுழையாத இடத்தில் போனை நுழைத்து, ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுத்துவிட்டு, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஷாக்கின் உடம்பில், கீழ்ப்பகுதியில், ஸ்பிரிங் தட்டுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும் அல்லது ஸ்டிக்கர் இருக்கும். கோனி தன் எண்ணை உலோகத்திலேயே பொறிப்பதால், பெயின்ட் அடித்திருந்தாலும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரிஜினல் மாஸ்டா பார்ட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆரம்பகால கார்களின் எண்கள் 'என்ஏ01' என்று தொடங்கும். நடுவில் 34 இருந்தால் முன்பக்கம், 28 இருந்தால் பின்பக்கம். அடுத்து 700 என்று வந்தால் ஷாக், 011 என்று வந்தால் ஸ்பிரிங். மாஸ்டா பார்ட்டாகவே இருந்தாலும், அது இந்தக் காரோடு வந்ததுதானா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுதல் அசைவு கிடைக்கும் என்பதற்காக இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரின் டாப் மவுன்ட்டை முதல் தலைமுறையில் மாட்டுவது பல வருடப் பழக்கம்.

ஸ்பிரிங்கில் சுருளின் மேல் எண் அச்சிட்டிருக்கும். ஜெர்மன் ஸ்பிரிங்குகளில் 'வி.ஏ.' என்றிருந்தால் முன் அச்சு, 'எச்.ஏ.' என்றிருந்தால் பின் அச்சு. முன்னதைப் பின்னால் மாட்டியிருக்கிறார்களா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் ரகம் என்றால் வேலை இன்னும் சுலபம். ஐபாக் ஸ்பிரிங்கில் '0800.250.0400' என்று இருந்தால், நீளம் 8 அங்குலம், உள்விட்டம் 2.5 அங்குலம், ஒரு அங்குலம் அமுக்க 400 பவுண்டு விசை தேவை என்று அர்த்தம். ஜப்பானிய ஸ்பிரிங்குகள் இதையே கிலோவில் சொல்லும். ஒரு மி.மீ. அமுக்க 7 கிலோ என்பது, கிட்டத்தட்ட அந்த 400 பவுண்டு கணக்குதான்.

எண்ணே இல்லைன்னா?

கணக்குப் போட வேண்டியதுதான். வெர்னியர் காலிப்பரால் ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும் சுருளின் வெளிவிட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். வெளிவிட்டத்தில் கம்பித் தடிமனைக் கழித்தால் சராசரி விட்டம். பிறகு, நிஜமாக வேலை செய்யும் சுருள்களை எண்ணுங்கள். தட்டில் உட்கார்ந்திருக்கும், பக்கத்துச் சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுருள்கள் கணக்கில் வராது.

கம்பித் தடிமனை நான்கு முறை பெருக்கி, அதை 79,000-ஆல் பெருக்குங்கள். வந்த விடையை 8, சராசரி விட்டத்தின் மும்மடிப் பெருக்கம், சுருள் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அளவுகள் மி.மீட்டரில் இருந்தால், ஒரு மி.மீ. அமுக்க எத்தனை நியூட்டன் விசை தேவை என்று விடை வரும். 79,000 என்பது ஸ்பிரிங் எஃகின் விறைப்பைக் குறிக்கும் எண்.

உதாரணத்துக்கு, சராசரி விட்டம் 100 மி.மீ., 6 சுருள் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 11 மி.மீ. என்றால் விடை சுமார் 24. அதுவே 12 மி.மீ. என்றால் 34. ஒரே ஒரு மி.மீ. வித்தியாசத்துக்கு 40 சதவீதத்துக்கும் மேல் கடினம்! எனவே பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மூன்று நான்கு இடங்களில் அளப்பது முக்கியம். சுருள்களின் இடைவெளி ஒரே சீராக இல்லாத ஸ்பிரிங் என்றால், அமுக்க அமுக்கக் கடினமாகும் ரகம் அது. இந்தக் கணக்கு தோராயமாகத்தான் உதவும்.

ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் மறக்காமல் பாருங்கள். அறுத்த மாதிரியோ, கேஸ் கட்டரால் சுட்ட மாதிரியோ இருந்தால், காரை இறக்குவதற்காக யாரோ ஒரிஜினல் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஷாக் உயிரோடு இருக்கிறதா?

தண்டைச் சுற்றி எண்ணெய் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. தண்டில் கீறல், துருப்புள்ளி இருந்தால் சீல் சீக்கிரமே போகும். கழற்றிய ஷாக்கைக் கையால் அமுக்கி விடுங்கள். பில்ஸ்டீன் போன்ற உயர் அழுத்த கேஸ் ஷாக் என்றால் தண்டு தானாகவே பலமாக வெளியே வரும். வரவில்லை என்றால் கேஸ் போய்விட்டது. கேஸ் இல்லாத ரகத்தில் தண்டு அமுக்கிய இடத்திலேயே நிற்கும். அது பழுது அல்ல. அமுக்கும்போதும் இழுக்கும்போதும் எதிர்ப்பு ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் 'லொடக்' என்று வெற்றிடம் வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இடது, வலது ஷாக்கை அடுத்தடுத்து அமுக்கிப் பார்த்தாலே பல விஷயம் புரிந்துவிடும். டோக்கிகோ இல்யூமினாவில் 5 நிலைகள் உண்டு. கோனி ஸ்போர்ட்டிலும் கடினத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எனவே இரு பக்கமும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுங்கள்.

உஷார்: இதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள்

எம்எக்ஸ்-5 காரில் ஷாக்கைச் சுற்றித்தான் ஸ்பிரிங் இருக்கும். தரமான ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால், அமுங்கியிருந்த ஸ்பிரிங் பாய்ந்து கை, முகத்தைப் பதம் பார்த்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. கேஸ் ஷாக்கை அறுப்பதும் சூடாக்குவதும் கூடவே கூடாது.

எவ்வளவு தேடியும் தெரியலைன்னா?

ஸ்பிரிங்கை டெஸ்டரிலும் ஷாக்கை டைனோவிலும் போட்டு அளந்து கொடுக்கும் ரேஸ் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. ஆனால் எண் அழிந்து, ஒன்று கசிந்து, நான்கில் இரண்டு வேறு ரகமாக இருந்தால், அந்தச் செலவை நான்கு ஷாக், நான்கு ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டாப் கொண்ட ஒரே செட்டில் போடுவதே லாபம். காரை இறக்கப்போவதில்லை என்றால் பில்ஸ்டீன் பி6, குட்டை ஸ்பிரிங் போடப்போகிறீர்கள் என்றால் அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த பி8 என்று, தேவைக்கேற்ற ஜோடி கிடைக்கிறது. வரலாறு தெரியாத விலை உயர்ந்த ஷாக்கைவிட, ஸ்பிரிங்கோடு பொருந்தும் சாதாரண ஷாக் எவ்வளவோ மேல்.

எதைப் பொருத்தினாலும், எண்கள் தெரியும்படி போட்டோ எடுத்து, பில்லோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். காரை விற்கும்போது அந்த ஃபோல்டரையும் சாவியோடு கொடுத்துவிட்டால், அடுத்த ஓனருக்கு இந்தத் துப்பறியும் வேலை மிச்சம்.