ஒன்றரை ஷிப்டு முடிந்து வருகிறவளுக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்?

இணையத்தில் இயங்கும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "யாரையும் நாங்க வேண்டாம்னு சொல்லலையே, கதவு திறந்துதான இருக்கு. அவங்களுக்கு ஆர்வம் இல்லை." கட்டற்ற மென்பொருள், விக்கிப்பீடியா, மொழிபெயர்ப்பு என எந்தக் குழுவுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

2006-ல் நடந்தது. லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு, 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. "பாத்தீங்களா, ஆர்வம் இல்லை" என்று முடித்துவிடலாம்தானே? ஹன்னா வாலக், கிறிஸ் பால் இருவரும் அப்படி முடிக்கவில்லை. அதே ஆண்டு பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைத் திட்டம் அறிவித்தார்கள். 100 விண்ணப்பங்கள் வந்து விழுந்தன! 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மென்பொருள் அதேதான், உதவித்தொகை இரண்டிலும் உண்டு. கூடுதலாக இருந்தது, "உங்களைத்தான் கூப்பிடுகிறோம்" என்ற ஒரு வரி. பிற்பாடு 'அவுட்ரீச்சி' என்று பெயர் பெற்று இன்றுவரை நடப்பது அந்தத் திட்டத்தின் வளர்ச்சிதான்.

இன்னொன்று. 2009 ஆஸ்கான் மாநாட்டில் கிரிலி ராபர்ட் என்பவர் இரண்டு திட்டங்களைப் பற்றிப் பேசினார். வலைப்பதிவுச் சேவையான ட்ரீம்வித்தில் நிரலாளர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் அத்தனை பேருமே பெண்கள். அங்கே என்ன செய்தார்கள்? புதிதாக வருகிறவர் தன் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, எல்லாம் தயாராக உள்ள ஓர் இடத்தை ட்ரீம்வித் தன் சர்வரிலேயே கொடுத்தது. 'நிரல் எழுதிப் பழக்கமே இல்லை' என்று சொல்லி வந்தவர்களுக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனைக்கும் ட்ரீம்வித் எழுதப்பட்டது பெர்ல் மொழியில். பெர்ல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், அது ஒன்றும் பிள்ளைகள் விளையாட்டு இல்லை. ஆக, வேலை எளிதாக இருந்ததால் பெண்கள் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நான் படித்தது திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு. பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் பிரிவில் வேலை, மிச்ச நேரத்தில் மென்பொருள் மொழிபெயர்ப்பு. அமெரிக்கக் கதை நம்மூருக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசித்தால், இங்கே முதலில் இடிப்பது கடிகாரம்தான்.

காலை எட்டரைக்குத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்டு முடியும். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரை வரை ஓடும், அது ஒன்றரை ஷிப்டு. இந்த ஊரில் பாதி வாழ்க்கை ஒன்றரை ஷிப்டில்தான் போகிறது. இணையக் கூட்டங்களோ பெரும்பாலும் வாரநாள் இரவு எட்டு மணிக்கு. ஆணும் அதே கம்பெனியில்தானே வேலை பார்க்கிறார் என்று கேட்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299, 97. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. எந்த வீட்டில் யார் அந்த 9 நிமிடத்தை விட்டுக்கொடுத்தார்களோ தெரியவில்லை!

எங்கள் யூனிட்டில் டெய்லர் அக்கா ஒருவரிடம், "உங்களுக்குன்னு எப்பங்க்கா நேரம் கிடைக்கும்?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல கண்ணு. அதுவும் துணி தொவைச்சு முடிஞ்சிருந்தா." தன்னார்வலர் என்ற சொல்லில் 'ஆர்வம்' மட்டும்தான் வெளியே தெரிகிறது. மிச்ச நேரம் இருக்கிறவர் என்ற பொருள் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் 2017-ல் தமிழ் விக்கிப்பீடியா செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாடு அரசுடன் சேர்ந்து பள்ளி ஆசிரியர்களுக்குப் பல மாவட்டங்களில் பயிற்சி நடத்தினார்கள். கலந்துகொண்ட ஆசிரியைகளுக்கு அது வேலையின் ஒரு பகுதி. இரவு சமைத்துவிட்டு ஓடிவந்து சேர வேண்டிய கூட்டம் இல்லை. உலக அளவில் 2011-ல் எடுத்த கணக்கில் விக்கிப்பீடியா தொகுப்பாளர்களில் பெண்கள் 10 சதவீதம்கூட இல்லை. அந்த இடைவெளிக்கு முன்னால் நம் ஊர் முயற்சி சின்னதுதான், ஆனால் நேரத்தை அவரவர் வேலைநாளுக்குள்ளேயே தேடிய முயற்சி.

நேரத்துக்கு அடுத்தது செல்போன் எண். இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை. தமிழில் பல குழுக்கள் வாட்ஸாப்பில் தொடங்குகின்றன. சேர்ந்த நிமிடமே முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு உங்கள் எண் போய்விடும். மறுநாள் தனிச் செய்தி வரும்: "ஹாய் மேடம், எந்த ஊரு?" கேள்வி கேட்டது லிப்ரெஆபீஸ் பற்றி, பதில் வந்தது சாப்பிட்டாச்சா என்று! எனக்கே வந்திருக்கிறது. பதில் சொல்லாமல் வெளியேறிவிட்டால், 'ஆர்வம் இல்லை' கணக்கில் ஒன்று கூடும். எண்ணை மறைத்து, வெறும் பயனர்பெயரோடு பேச வழியுள்ள டெலிகிராம், மேட்ரிக்ஸ் போன்றவற்றுக்குக் குழுவை மாற்றுவது ஒருநாள் வேலை. நடத்தை விதி எழுதி வைப்பதும் நல்லதுதான், டெபியன் 2014-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் புகாரை யாரிடம் சொல்வது என்று ஒரு பெயர் அதில் இல்லையென்றால் அது சுவரில் ஒட்டிய காகிதம். முடிந்தால் இரண்டு பெயர் போடுங்கள். புகாரே முதல் பெயர்க்காரர் மேல் என்றால்?

எழுதிவைத்த பாடமும் நேரப் பிரச்சினைக்கு உதவுகிறது. கணியம் வெளியிட்ட நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில்' வரிசை நூல்களை ஞாயிறு மூன்று மணிக்கும் படிக்கலாம், பஸ்ஸிலும் படிக்கலாம்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். பேட்டர்ன் வரைய சீம்லி2டி, எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து ஓடும் இங்க்/ஸ்டிட்ச் என்று கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. தையல் தெரியாத ஒருவர் அகராதியைப் பிரித்து ஓவர்லாக்குக்குச் சுத்தத் தமிழில் ஒரு சொல் கட்டினால், திருப்பூரில் ஒருவருக்கும் புரியாது. இங்கே ஃபிளாட்லாக்கே 'பேட்லாக்'தான். எந்தச் சொல் புழங்குகிறது, எந்தத் தையல் எங்கே பிரியும் என்பதெல்லாம் பதினைந்து வருடம் மெஷினில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். அவரைப் 'புதியவர்' என்று வரிசையின் கடைசியில் நிறுத்துகிறோம். இந்த விஷயத்தில் புதியவர் நிரலாளர்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று அக்காக்களிடம் கேட்டுக் கேட்டுச் சொற்பட்டியல் ஒன்று தயாரித்துவருகிறேன். மென்பொருளில் மொழிபெயர்ப்பாளர் பெயர் பொதுவாகக் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் தானாகப் பதிவாகும். அதனால் சொல் தந்தவர்கள் பெயரையும் கையால் எழுதிச் சேர்க்கலாம் என்று சொன்னேன். இரண்டு பேர் முழுப்பெயரும் போடச் சொன்னார்கள். மூன்றாவது அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெறும் இனிஷியல் போதும், வீட்ல பாத்தா எதுக்குன்னு கேப்பாங்க" என்றார். இனிஷியல்தான் போட்டிருக்கிறேன். எப்போது சொன்னாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.