மூட்டை மேல் மார்க்கும் முதுகெலும்பு வாதமும்

அகமதாபாத் மஸ்கதி மார்க்கெட்டில் நாற்பது வருஷமாகத் துணி வியாபாரம் செய்கிறவன் நான். மூட்டை வந்து இறங்கினால் முதலில் மேலே உள்ள மார்க்கைப் பார்ப்போம். ஆனால் மார்க்கை மட்டும் நம்பி யாரும் விலை பேசுவதில்லை. பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. உடம்பு விஷயத்திலும் இதுதான் நியாயம்.

என் தங்கை மகனுக்கு 26 வயதில் இடுப்பு வலி வந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் நிமிர முடியாது. நடக்க நடக்கச் சரியாகும். 'சோம்பேறி' என்று நானே திட்டியிருக்கிறேன். மூன்று வருஷம் கழித்துத்தான் அது 'அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ்', அதாவது முதுகெலும்பை விறைக்க வைக்கும் அழற்சி வாதம் என்று தெரிந்தது. ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி27 இருந்தது. அவன் தம்பிக்கும் சோதித்தார்கள், இருந்தது. அவனுக்கோ ஒரு வலியும் கிடையாது. ஆனாலும் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோயிற்று. அப்போதுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பி27 ஒரு கிருமி அல்ல. நம் செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம். அதற்கான மரபணு 6ஆம் குரோமோசோமில் உள்ளது. கிருமியின் துணுக்குகளை எதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக் காட்டுவது இதன் வேலை. 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்த இரு குழுவினர் இதற்கும் இந்த வாதத்துக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளியிட்டார்கள். லண்டன் கணக்கில் நோயாளிகள் 75 பேரில் 72 பேருக்கு பி27 இருந்தது; நோயில்லாத 75 பேரில் 3 பேருக்குத்தான்.

ஜப்பானியரில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட பி27 இல்லை. அங்கே நோயும் அபூர்வம். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா மக்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது, நோயும் அதிகம்.

அப்படியானால் பி27 இருந்தால் நோய் வந்தே தீருமா? இல்லவே இல்லை. பொதுவாக பி27 உள்ள நூறு பேரில் ஒன்று முதல் ஐந்து பேருக்குத்தான் வருகிறது. அண்ணனுக்கு நோய் இருந்தால் தம்பிக்கு வாய்ப்பு கணிசமாகக் கூடும். அப்போதும் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். இந்த வகையிலேயே 27:06, 27:09 என்ற உட்பிரிவுகளுக்கு நோயோடு தொடர்பு மிகக் குறைவு. பி27 இல்லாமலேயே நோய் வருகிறவர்களும் உண்டு.

ஆகவே காகிதத்தைவிட உடம்பைப் பாருங்கள். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, காலை விறைப்பு, ஓய்வெடுத்தால் குறையாமல் நடமாடினால் குறைவது, இடையிடையே கண் சிவந்து வலிப்பது — இவை இருந்தால் வாத நோய் நிபுணரிடம் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தும் தினசரி உடற்பயிற்சியும் முதுகைக் காப்பாற்றும்.

பையனைச் சோம்பேறி என்று சொல்லும் முன் ஒரு தரம் யோசியுங்கள். ஜாதகத்தோடு ரத்த ரிப்போர்ட்டையும் வைத்துப் பொருத்தம் பார்க்காதீர்கள். மார்க் வேறு, சரக்கு வேறு.